கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் பிள்ளைக்காக வெளியில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்

வழக்கில் சிக்கிய பிள்ளைகளை விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் இடம்தான் கூர்நோக்கு இல்லம். 18 வயது நிரம்பாத பிள்ளையைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டால், வீட்டார் முதலில் ஓடுவது தெரிந்த கட்சிக்காரரிடம், அடுத்து ஸ்டேஷனில் யாருக்காவது பழக்கம் இருக்கிறதா என்று விசாரிக்க. அந்த அலைச்சலிலேயே ஒரு நாள் போய்விடும், அந்த ஒரு நாள்தான் ரொம்ப முக்கியமான நாள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பெரும்பாலும் பிள்ளையின் பக்கம் நிற்கிற சட்டம்தான், ஆனால் அதில் எதுவும் தானாக நடக்காது. யாராவது ஒருவர் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் போய், வாயால் இல்லாமல் தாளில், கேட்க வேண்டும். அம்மா, அப்பா, மாமா, பள்ளிக்கூட டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர், யாராக இருந்தாலும் சரி. இது தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து எழுதியது. 'பையன்' என்று எழுதியிருந்தாலும் பெண் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான்.

முதல் 24 மணி நேரம்

பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது, ஜெயிலுக்கும் அனுப்பக் கூடாது. சட்டத்தின் 10-வது பிரிவு இதில் விதிவிலக்கே வைக்கவில்லை. பிடித்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். இன்றைக்குக் குழுமம் உட்காரவில்லை, திங்கட்கிழமைதான் என்று ஸ்டேஷனில் சொன்னால் நம்பாதீர்கள், அது உட்காராத நாளில் ஒரு தனி உறுப்பினர் முன்பாகவே நிறுத்தலாம் என்று சட்டம் வழி வைத்திருக்கிறது. ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண், இதுதான் குழுமம்.

ஸ்டேஷனில் கேட்க வேண்டியவர் குழந்தைகள் நலக் காவல் அலுவலர். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அப்படி ஒருவர் இருந்தாக வேண்டும், உதவி சப்-இன்ஸ்பெக்டர் (ஏ.எஸ்.ஐ.) பதவிக்குக் கீழே இருக்கக் கூடாது. பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விலங்கு மாட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, எந்த வாக்குமூலத்திலும் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கக் கூடாது, இதெல்லாம் விதிகளிலேயே இருக்கிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் நேரத்தைக் குறித்துவைக்கச் சொல்கிறேன்: எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், எங்கிருந்து, கூட யார் பார்த்தார்கள். பதிவேட்டில் ஒரு நாள் தள்ளிப் போட்டு எழுதினால் அதை மறுக்க உங்கள் கையில் இருப்பது அந்தக் குறிப்பும், அந்நேரம் நீங்கள் 1098-க்கோ 15100-க்கோ செய்த போன் அழைப்பும்தான். முன்னது குழந்தைகள் உதவி எண், பின்னது இலவசச் சட்ட உதவி எண்.

வயசு

இங்கேதான் நிறையப் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். 17 வயதுப் பையனுக்கு 19 என்று எழுதிவிட்டால் அவன் போவது சிறைக்கு. எனவே முதல் வேலை வயதுச் சான்று. 94-வது பிரிவு ஒரு வரிசை சொல்கிறது: முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ், இரண்டுமே இல்லாதபோதுதான் எலும்பு வயதுப் பரிசோதனை. பரிசோதனைக்கு எடுத்த எடுப்பில் சம்மதிக்காதீர்கள், அது ஒன்றிரண்டு வருடம் முன்னே பின்னே போகும். டி.சி. போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. 2023-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு போக்சோ வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, மாற்றுச் சான்றிதழும் சேர்க்கைப் பதிவேட்டு நகலும் இந்தப் பிரிவு கேட்கிற ஆவணங்கள் அல்ல என்று சொல்லிவிட்டது. தலைமையாசிரியரிடம் பிறந்த தேதிச் சான்றாகவே தனியாக எழுதி வாங்குங்கள்.

கணக்கில் எடுப்பது குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் இருந்த வயதை. இன்றைக்கு 20 ஆகிவிட்டாலும் அன்றைக்கு 17 என்றால் இந்தச் சட்டம்தான் பொருந்தும். இந்த வாதத்தை எந்தக் கோர்ட்டிலும் எந்தக் கட்டத்திலும், தீர்ப்பு இறுதியான பிறகும்கூட, எழுப்பலாம். மரண தண்டனைக் கைதியாக இருந்த ஒருவர், சம்பவத்தின்போது சிறுவனாக இருந்தார் என்று நிரூபணமாகி, 28 வருடச் சிறைக்குப் பிறகு 2023-ல் சுப்ரீம் கோர்ட்டால் விடுவிக்கப்பட்டார். தெரிந்த பையன் யாராவது தவறுதலாகச் சிறையில் இருந்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வயதுச் சான்றின் நகலோடு ஒரு கடிதம் எழுதினால்கூடப் போதும், வேலை தொடங்கிவிடும்.

ஜாமீன்: இதில்தான் உங்கள் உழைப்பு பலிக்கும்

பெரியவர்களுக்கு ஜாமீனில் வரக்கூடிய குற்றம், வர முடியாத குற்றம் என்று பிரிவு உண்டு. பிள்ளைகளுக்கு 12-வது பிரிவில் அந்தப் பேதம் கிடையாது, ஜாமீன்தாரர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விட வேண்டும் என்பதுதான் விதி. மறுக்க மூன்றே காரணங்கள்: விட்டால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், விட்டால் அவனுக்கு உடலாலோ மனதாலோ ஒழுக்கத்தாலோ ஆபத்து, விட்டால் நீதியின் நோக்கம் கெடும். மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும்.

'நல்ல பையன் சார், தெரியாமல் செய்துவிட்டான்' என்று அழுதால் குழுமத்தில் இரக்கப்படுவார்கள், உத்தரவு எழுத அது உதவாது. அந்த மூன்று காரணங்களையும் ஒவ்வொன்றாக உடைக்கிற தாள்களைக் கொண்டுபோக வேண்டும். கூட்டாளிகள்தான் பிரச்சினை என்றால், வேறு ஊரில் இருக்கும் சித்தப்பாவோ அத்தையோ 'என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஆதார் நகலோடு, முடிந்தால் நேரிலேயே வரட்டும். பள்ளியில் திரும்பச் சேர்த்துக்கொள்கிறோம் என்று தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம், அல்லது ஐ.டி.ஐ.யில் இடம் கிடைத்ததற்கான சீட்டு. ஏரியாவில் வேறு கோஷ்டி பையனைத் தேடுகிறது என்றால் அதை மறைக்காதீர்கள், அதற்கு நீங்கள் என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். போலீஸ் எப்படியும் அதைச் சொல்லத்தான் போகிறது.

இதோடு சேர்ந்தது, பிள்ளையின் வீடு, படிப்பு, சூழ்நிலை பற்றி நன்னடத்தை அலுவலர் எழுதும் சமூகப் புலனாய்வு அறிக்கை. இரண்டு வாரத்துக்குள் தர வேண்டும், குழுமம் ரொம்பவே நம்பிப் படிப்பதும் இதைத்தான். என் அனுபவத்தில் வீட்டார் ஏமாந்துபோகிற இடம் இதுவே: அலுவலர் வரும்போது வீட்டில் யாரும் இருப்பதில்லை, அல்லது மானம் போகிறதே என்று 'எங்கள் வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை' என்று சொல்லிவிடுகிறார்கள். அப்பா குடிப்பது, பையன் ஏழாவதோடு நின்றது, அவனுக்கு வலிப்பு மாத்திரை உண்டு என்பது, எல்லாம் அந்த அறிக்கையில் ஏற வேண்டிய விஷயங்கள். மருந்துச் சீட்டு, பழைய மார்க் ஷீட், எது இருந்தாலும் நகல் கொடுங்கள். அலுவலர் வரவில்லையா, நீங்களே தேடிப் போங்கள்.

ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற வழியில்லாமல் பிள்ளை உள்ளேயே கிடக்கலாம். அப்படி 7 நாள் ஆகிவிட்டால், நிபந்தனையை மாற்றுவதற்காக அவனை மறுபடி குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்பதும் 12-வது பிரிவிலேயே இருக்கிறது. எட்டாவது நாள் மனுவோடு போய் நில்லுங்கள். வக்கீல் இல்லையென்றால் இலவச வக்கீல் கேளுங்கள், பிள்ளைக்கு வருமான வரம்பு எதுவும் கிடையாது. அப்புறம் ஒன்று, 'ஒத்துக்கொள், சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம்' என்று யார் சொன்னாலும், வக்கீலோடு பேசாமல் பையன் தலையாட்டக் கூடாது.

உள்ளே என்ன நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது

2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு அரசு இல்லத்தில், பேட்டரி திருட்டு வழக்கில் கொண்டுவரப்பட்ட 17 வயதுப் பையன் உள்ளே போன சில நாட்களிலேயே இறந்துபோனான். அடித்துக் கொன்றதாக இல்ல ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதன் பிறகுதான் இந்த இல்லங்களைச் சீர்திருத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழுவை அமைத்தது. எல்லா இல்லமும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'அரசாங்க இடம்தானே, பத்திரமாக இருப்பான்' என்று நினைத்துப் பார்க்கப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

பார்க்கப் போகும்போது பக்கத்தில் ஊழியர் நிற்பார். 'அடிக்கிறார்களா' என்று நேராகக் கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். சின்னச் சின்னதாகக் கேளுங்கள்: நேற்று ராத்திரி எங்கே படுத்தாய், யாரோடு, காலையில் என்ன சாப்பாடு, கடைசியாக எப்போது குளித்தாய், டாக்டர் வந்தாரா. கண்ணும் வேலை செய்யட்டும். சிரங்கு, வீக்கம், நடையில் மாற்றம், போன முறை போட்டிருந்த சட்டை. பல இடங்களில் அடி ஊழியரிடமிருந்து மட்டும் வருவதில்லை, மூத்த பையன்களிடம் பொறுப்பை விட்டுவிடுவதாலும் வருகிறது, அதனால் கேள்வியும் அந்தப் பக்கம் போகட்டும். வெளியே வந்தவுடன் தேதி போட்டு எழுதிவையுங்கள்.

ஏதோ தப்பு என்று தெரிந்தால் கேட்டிலேயே நின்று சண்டை போட வேண்டாம், நீங்கள் கிளம்பிய பிறகு அதற்கான விலையைக் கொடுப்பவன் உள்ளே இருக்கிறவன். அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் காலையில், குழுமத்துக்கு ஒரு மனு. அதில் மூன்று கோரிக்கை போதும்: அரசு மருத்துவமனையில் பரிசோதனை செய்து அறிக்கையின் நகல் தர வேண்டும், குறிப்பிட்ட தேதிகளின் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்க உத்தரவிட வேண்டும், பிள்ளையிடம் ஊழியர் இல்லாமல் தனியாக விசாரிக்க வேண்டும். ஆபத்து என்று தோன்றினால் வேறு இல்லத்துக்கு மாற்றவும் கேளுங்கள். மனுவின் இன்னொரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள், வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். அதே மனுவின் நகலை மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் அனுப்பலாம். இல்ல ஊழியர் பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் 75-வது பிரிவின்படி 5 வருடம் வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்பதை மனுவிலேயே ஒரு வரி எழுதுங்கள், படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

குடும்பம் இல்லாத வெளியாட்களுக்கும் வேலை இருக்கிறது. குழுமம் மாதம் ஒருமுறையாவது இல்லத்தை நேரில் ஆய்வு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. போன ஒரு வருடத்தில் எந்தெந்தத் தேதியில் ஆய்வு நடந்தது, ஆற்றுப்படுத்துநர் (பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை தருபவர்) பணியிடம் எத்தனை, எத்தனை காலி, இதையெல்லாம் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதில் அரைகுறையாக வந்தாலும், அந்த அரைகுறையே அடுத்த மனுவுக்கு ஆதாரம்.

போஸ்டர் அடிக்காதீர்கள். 'எங்கள் தம்பிக்கு நீதி வேண்டும்' என்று போட்டோவோடு வாட்ஸப்பில் அனுப்புவதும், பெயர், பள்ளி, தெரு போட்டுப் பேட்டி கொடுப்பதும் 74-வது பிரிவின்படி குற்றம், 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. நல்ல எண்ணத்தில் செய்தாலும் அப்படித்தான். பிற்காலத்தில் பையனை விடாமல் ஒட்டிக்கொள்வதும் அந்தப் போட்டோதான்.

பெரிய வழக்கு என்றால்

16 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்மேல் கொடுங்குற்ற வழக்கு வந்தால், பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் முதல்நிலை மதிப்பீடு செய்யும். இதற்கு அனுபவமுள்ள வக்கீல் அவசியம், நான் ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். கொடுங்குற்றம் என்பது குறைந்தபட்சத் தண்டனையே 7 வருடம் என்று இருக்கும் குற்றம். 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாக்கிவிட்டது. பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும் கொலை முயற்சி வழக்கில் அப்படிக் குறைந்தபட்சம் கிடையாது, ஆகவே பொதுவாக அது இந்தக் கணக்கில் வராது. மதிப்பீட்டில் எதிரான முடிவு வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். என்ன ஆனாலும் 21 வயது வரை சிறைக்கு அனுப்ப முடியாது.

சாதாரண வழக்குகளில் விசாரணை 4 மாதத்தில் முடிய வேண்டும், கூடுதலாக 2 மாதம் நீட்டிக்கலாம். சில்லறைக் குற்றமாக இருந்து அதற்குள்ளும் முடியவில்லை என்றால் வழக்கே முடிந்துபோகும். காலண்டரில் குறித்துவைத்து, அந்தத் தேதி தாண்டியவுடன் முடித்துவைக்கக் கோரி மனு போடுங்கள், கேட்காமல் யாரும் முடிக்க மாட்டார்கள்.

வெளியே வந்த பிறகு

பிள்ளை குற்றம் செய்தான் என்று முடிவானாலும் அது பிற்காலத்தில் அவனுக்குத் தகுதியிழப்பு ஆகாது என்கிறது 24-வது பிரிவு. பெரியவராகவே விசாரிக்கப்பட்டு முடிவான 16 வயதுக்கு மேற்பட்டவருக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. சிறார் பருவத்து வழக்கைக் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கிறது. முடிந்துபோன வழக்கைப் போலீஸ் நன்னடத்தைச் சான்றில் எழுதவும் கூடாது. அப்படி எழுதினால், அல்லது ஏரியாவில் ஏதாவது திருட்டு நடக்கும்போதெல்லாம் பழைய வழக்கைச் சொல்லி அவனை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால், மாவட்ட எஸ்.பி.க்கும் மாநகரம் என்றால் கமிஷனருக்கும் புகார் எழுதுங்கள், குழுமத்தின் இறுதி உத்தரவு நகலை அதோடு இணையுங்கள். அந்த நகலைத் தீர்ப்பு வந்த வாரமே மனு போட்டு வாங்கிவிடுவது நல்லது, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் வழக்கு ஆவணங்களை அழிக்க வேண்டும் என்பது சட்டம். அழித்துவிட்டார்களா என்பதையும் சில மாதம் கழித்து எழுதியே கேளுங்கள்.