பட்டாளத்துல இருந்து வந்தவங்களுக்கும் அவங்க வீட்டுக்கும் நன்றி சொல்றது எப்படி

ஆகஸ்ட் 15 அன்னிக்கு எல்லாரும் ஸ்டேட்டஸ் வைக்கிறோம், நல்லதுதான், ஆனா அதே தெருவுல இருக்கிற மிலிட்டரிக்காரர் வீட்டுக்குள்ள ஒரு தடவ கூட நாம போனதே இல்ல. எங்க தெருவுல மெட்ராஸ் ரெஜிமென்ட்ல சுபேதாரா இருந்து ரிட்டயர் ஆன மாமா ஒருத்தர் இருந்தாரு, அவர்கிட்டயும் அத்தைகிட்டயும் பழகிக் கத்துக்கிட்டததான் எழுதுறேன்.

மொதல்ல பேச்சு. "எத்தன பேர சுட்டீங்க"ன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க. "எங்கெல்லாம் போஸ்டிங்ல இருந்தீங்க"ன்னு கேளுங்க, அது போதும், மிச்சத்த அவங்களே சொல்லுவாங்க. டிரைவரா, சமையல்ல, சிக்னல்ஸ்லன்னு வேல பாத்தவங்ககிட்ட "அப்ப சண்டைக்குப் போகலியா"ன்னு இழுக்காதீங்க, லடாக் பனியில லாரி ஓட்டிட்டு வந்தவருக்கு அதக் கேட்டா எப்படி இருக்கும்.

மாமா கட்டிலுக்கு அடியில கருப்பு ட்ரங்க் பெட்டி ஒண்ணு இருக்கும், மேல வெள்ளை பெயின்ட்ல நம்பர், ரேங்க், பேரு. அதுல இருந்த குரூப் ஃபோட்டோவ எடுத்து ஒவ்வொருத்தர் பேரா சொல்லிட்டே வந்தாரு, மூணாவது வரிசையில ஒருத்தர்கிட்ட வெரல் நின்னுடுச்சு. நானும் ஒண்ணும் கேக்கல. அந்த மாதிரி நேரத்துல பேசாம பக்கத்துல உக்காந்திருங்க.

"கேன்டீன்ல ஒரு பாட்டில் வாங்கித் தாங்க"ன்னு மட்டும் போய் நிக்காதீங்க. மாமாவத் தேடி வர்றவங்கள்ல பாதிப் பேரு இதுக்குத்தான் வர்றாங்கன்னு அத்தை வருத்தப்பட்டு சொல்லுவாங்க.

ஜவான்கள் நெறைய பேரு நாப்பது வயசு சுமாருக்கெல்லாம் வெளிய வந்துடுறாங்க, அப்புறம் பேங்க் வாசல்ல செக்யூரிட்டியா நிக்கிறவரு அவங்கள்ல ஒருத்தரா இருக்கலாம். "எந்த ரெஜிமென்ட் சார்?"னு கேட்டுப் பாருங்க, மொகம் மாறும்.

என்னக் கேட்டா, பெரிய நன்றி பேப்பர் வேலையிலதான் இருக்கு. பென்ஷன் எல்லாம் இப்ப ஸ்பர்ஷ்னு ஆன்லைன்ல வந்தாச்சு, வருஷா வருஷம் உயிர்வாழ் சான்று குடுக்கணும், வயசானவங்களுக்கு கைரேகை சரியா விழாது. மாமா போனப்புறம் அத்தைக்கு இதான் ஆச்சு, பாத்திரம் தேச்சுத் தேச்சு ரேகை அழிஞ்ச வெரல மெஷின்ல வச்சு வச்சு எடுக்கிறாங்க, பதியவே இல்ல. போன்லயே ஜீவன் பிரமாண் ஆப்ல மொகத்தக் காட்டி முடிக்கலாம், நாம கூட இருந்து செஞ்சு குடுக்கணும். பாஸ்வேர்ட அவங்க நோட்டுலயே எழுதிக் குடுங்க, நீங்க வச்சுக்காதீங்க. சர்வீஸ் ரெக்கார்டுல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேருன்னு இருந்தா குடும்ப பென்ஷன் இழுத்தடிக்கும், மாவட்டத்துல இருக்கிற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவங்களக் கூட்டிட்டுப் போங்க. முன்னாள் படைவீரர்களுக்கு வைத்தியம் பாக்குற இசிஹெச்எஸ் பாலிகிளினிக் தூரமா இருந்தா வண்டியில ஒரு நாள் கொண்டு விடுங்க.

வீரமரணம் அடைஞ்சவங்க வீடுன்னா, அவங்க பேர எடுக்கவே நாம பயப்படுறோம். 1999 கார்கில் போர்ல படாலிக்ல உயிர விட்ட திருச்சி மேஜர் சரவணன், 2020-ல லடாக் கல்வான்ல சீன ராணுவத்தோட நடந்த மோதல்ல போன ராமநாதபுரம் ஹவில்தார் பழனி, இவங்க பேரெல்லாம் ஊரே சொல்லுது. உங்க ஊர்ப் பிள்ளை பேரையும் அவங்க அம்மா முன்னாடி தைரியமா சொல்லுங்க, "அவனுக்கு என்ன சாப்பாடு புடிக்கும்மா"ன்னு கேளுங்க. நினைவு நாள் மாலையோட நிறுத்திக்காம சும்மா ஒரு செவ்வாக்கிழமை போங்க.

படைவீரர் நலனுக்கு நிதி திரட்டுற கொடி நாள் டிசம்பர் 7, 1949-ல இருந்து நடக்குது, முடிஞ்சத குடுத்து ரசீது வாங்கிக்கோங்க.

ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம், 1953-ல அன்னிக்குதான் நம்ம ராணுவத்துக்கு மொத இந்தியத் தலைமைத் தளபதியா இருந்த ஜெனரல் கரியப்பா ரிட்டயர் ஆனாரு. நமக்கு அது போகியாவோ பொங்கலாவோ வரும், அதனால ரெண்டு கரும்பு கூடுதலா வாங்கி அவங்க வீட்ல சாத்தி வச்சுட்டு வாங்க. துக்கம் நடந்த வீடுன்னா மட்டும் முன்னாடியே ஒரு வார்த்த கேட்டுட்டுப் போங்க.