கொம்பி கராச்சுக்குள் போகுமா? அட்வான்ஸ் கொடுக்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை களுவாஞ்சிகுடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் படம் ஒன்று அனுப்பினார். உள்ளே கட்டிலும் சின்ன அடுப்பும் பூட்டிய பழைய வொக்ஸ்வாகன் கொம்பி, பச்சையும் வெள்ளையுமாக நல்ல வடிவு. "அண்ணே, கராச் வாசல் உயரம் ஆறடி எட்டு அங்குலம். வான் ஆறடி அஞ்சு. மூணு அங்குலம் மிச்சம் இரிக்கு, அட்வான்ஸ் குடுக்கட்டா?" என்று கேட்டிருந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் மட்டக்களப்புக் கல்லடியில் என் வீட்டு வாசலில் நின்று நானும் இதே கணக்கைத்தான் போட்டேன், அதே மூன்று அங்குலத்தை நம்பித்தான் காசைக் கொடுத்தேன். இந்த வருடம் இப்படிக் கேட்ட மூன்றாவது ஆள் இவர்.

எஞ்சின் சத்தத்தைக் கேள், ஓட்டிப் பார், தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போ என்பதை யாரும் சொல்வார்கள். அதெல்லாம் இங்கே இல்லை.

வீட்டுக்குப் பொருந்தாத வண்டியில் மனதை வைப்பது

அறுகம்பையில் வெள்ளைக்காரர் யாரோ ரோசா பஸ்ஸைப் படுக்கையறையாக்கி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, அதுபோல ஒன்று எடுத்து வீட்டுக் கராச்சில் விடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விட முடியாது. ரோசா, கோஸ்டர் பஸ் எல்லாம் அகலம் 2 மீற்றர் அளவில் வரும், உயரம் 2.6 மீற்றர் பக்கம். நம் வீடுகளில் லிண்டில், அதாவது வாசலுக்கு மேலே போடும் கொங்கிறீற் விட்டம், 7 அடியில் வந்தாலே பெரிய காரியம், அது 2.13 மீற்றர்தான்.

1967க்கும் 1979க்கும் இடையில் ஜேர்மனியில் செய்த, முன்கண்ணாடி ஒரே துண்டாக வளைந்திருக்கும் கொம்பி நீளம் ஏறக்குறைய 4.5 மீற்றர், அகலம் 1.72, உயரம் 1.95 அளவில் இருக்கும். ஜப்பான் வான் தேடுகிறவர்களுக்கு ஒரு சுருக்குவழி இருக்கிறது. அந்த நாட்டில் சிறிய வகைப் பதிவுக்கு 4.7 மீற்றர் நீளம், 1.7 அகலம், 2 மீற்றர் உயரம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். அந்த எல்லைக்குள் செய்த சாதாரணக் கூரை வான் என்றால் யோசிக்கலாம். டொல்பின் என்று சொல்லும் ஹையேஸ் வான் மாதிரி உயர்ந்த கூரை என்றால் 2 மீற்றரைத் தாண்டிவிடும், அதற்கு உங்கள் வாசல் தாங்குமா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

தாளில் உள்ள உயரத்தை நம்புவது

தாளில் உள்ளது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளின் உயரம். அதற்குப் பிறகு மேலே ராக்கை பூட்டியிருப்பார்கள், காற்றுப்போக்கி வைத்திருப்பார்கள். தூக்கித் திறக்கும் கூரை வைத்த வண்டி என்றால் மூடியிருக்கும்போதே சில அங்குலம் கூட. நீங்களே ஒரு நீளமான மட்டப்பலகையைக் கூரைக்குக் குறுக்கே வைத்து நிலத்துக்கு அளந்து பாருங்கள். ஆளும் சாமானும் தண்ணீர்த் தாங்கியும் நிறைந்து நிற்கும் வண்டியை அளக்காதீர்கள். எல்லாம் இறங்கிய பிறகு ஸ்பிரிங் நிமிரும், அந்த உயரத்தில்தான் அது உங்கள் கராச்சுக்குள் நுழையப்போகிறது.

வாசலை அளந்துவிட்டுச் சரிவை மறப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும், பாதி என் மீது, பாதி "போகும் போகும்" என்று சொன்னவர்கள் மீது.

எங்கள் பக்கத்து வீதிகளை உங்களுக்குத் தெரியும். கிரவல் போட்டு, அதன்மேல் தார் போட்டு, பிறகு காபெற் போட்டு, ஒவ்வொரு முறையும் வீதி உயர்ந்துகொண்டே போனது, வீடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. என் வீட்டில் கேற்றடிக்கும் கராச் தரைக்கும் ஒன்றரை அடி பள்ளம். நடுவில் இருப்பது ஒன்பது அடி நிலம். அந்த ஒன்பது அடியும் சரிவுதான், சரிவு முடிகிற இடத்திலேயே கராச் வாசல்.

வண்டி வந்த அன்று மாலை மச்சான் உள்ளே நின்று கையைக் காட்டினான். முன்பக்கம் சும்மா போனது. முன் சில்லு உள்ளே தரையில் சமமாக இறங்கியது, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் விட்டேன். பால்மாப் பேணியை யாரோ மிதித்தது போல ஒரு சத்தம். கூரையின் நடுப்பகுதி லிண்டிலில் முட்டி இறுகிவிட்டது. பின்னுக்கு எடுத்தால் தகரம் கிழிகிற சத்தம். கடைசியில் பின் டயர் இரண்டிலும் காற்றைத் திறந்துவிட்டு, வண்டி கொஞ்சம் பணிந்த பிறகுதான் ஆறு பேர் சேர்ந்து மேலே தள்ளினோம்.

நடந்தது இதுதான். முன் சில்லு கீழே தரையில், பின் சில்லு இன்னும் சரிவில் மேலே. அந்த நேரம் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு முதுகைத் தூக்கி நிற்கிறது. வண்டியின் சரிநடு வாசலுக்கு நேரே வரும்போதுதான் இந்தத் தூக்கல் ஆகக் கூட. எவ்வளவு என்று கணக்குப் பார்க்க ஒரு பென்சில் போதும்: முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் உள்ள நீளத்தைச் சரிவால் பெருக்கி நான்கால் பிரியுங்கள். கொம்பிக்கு அந்த நீளம் 2.4 மீற்றர், அதாவது 94 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. என் சரிவு ஒன்பது அடிக்கு ஒன்றரை அடி, ஆறில் ஒன்று. 94ஐ ஆறால் பிரித்து மறுபடி நான்கால் பிரித்தால் ஏறக்குறைய 4 அங்குலம். என்னிடம் இருந்த இடைவெளி 3. ஒரு அங்குலத்துக்காக அவ்வளவும்.

கணக்கு வேண்டாம் என்றால் பலகை. சில்லுக்குச் சில்லு உள்ள நீளத்தில் ஒரு பலகையை வெட்டி, அதன் நடுவில் வண்டியின் உயரத்துக்கு ஒரு கம்பை நேராக ஆணி அடித்து நிறுத்துங்கள். பலகையின் ஒரு முனை கராச் தரையில், மறுமுனை சரிவில் இருக்கும்படி இழுத்துக்கொண்டே உள்ளே போங்கள். கம்பு லிண்டிலில் தட்டினால் வண்டியும் தட்டும். பத்து நிமிட வேலை. விற்கிறவர் வீட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே செய்து முடிக்கலாம்.

நான் என்ன செய்தேன்? கராச் தரையை நாலு அங்குலம் வெட்டி இறக்கினேன். கார்த்திகை மழை வந்தது, வீதித் தண்ணீர் முழுக்க என் கராச்சுக்குள் வந்து நின்றது, அதுதான் ஊரிலேயே பள்ளமான இடம் போல. தை பிறக்கும் வரை கொம்பி வெளியே படங்குக்குக் கீழே கிடந்தது. படங்கு மழையைத் தடுத்தது உண்மை, உள்ளே எழும்பிய ஈரத்தை வெளியே விடவில்லை. கடற்காற்றும் சேர்ந்து, கூரையைச் சுற்றி ஓடும் பீலி முழுவதும் கறள். பிறகு மேசனைப் பிடித்து முன்சுவரை இடித்து, புது லிண்டிலை எட்டு அங்குலம் உயர்த்திப் போட்டு, தரையையும் திருப்பி நிரப்பினேன். வண்டிக்குக் கொடுத்த காசில் பாதி அதில் போனது.

சரிவு முடிந்த பிறகு வாசலுக்கு முன்னால் வண்டியின் சில்லு இடைவெளி அளவுக்குச் சமதரை இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. வளவில் இடம் உள்ளவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

லிண்டிலைக் கொத்துவது

வேண்டாம். கம்பி வெளியே தெரிந்த பிறகு மேசனைக் கூப்பிட்டுப் பயனில்லை.

பின்பக்கத்துக்கு இடம் விடாதது

கொம்பிக்கு எஞ்சின் பின்னால். மூக்கை உள்ளே விட்டு, பின்பக்கம் வாசலைப் பார்த்து நிற்க விடுங்கள். எஞ்சினைக் கழற்றுவதென்றால் அதைப் பின்னுக்கு இழுத்துக் கீழே இறக்க வேண்டும். சுவரோடு ஒட்டி நின்றால் எண்ணெய்கூட ஒழுங்காகப் பார்க்க முடியாது. பக்கத்தில் சறுக்கித் திறக்கும் கதவு இருக்கும் பக்கமும் ஆள் ஏறி இறங்க இரண்டடியாவது வேண்டும். பழைய சைக்கிளும் உரமூட்டையும் அந்தப் பக்கம்தான் கிடக்கும், எனக்குத் தெரியும்.

ஒழுங்கை

ஒழுங்கையில் இருந்து வண்டி திரும்புமா? பக்கத்து வீட்டுக்காரரின் வானைக் கேட்டு வாங்கி ஒருமுறை உங்கள் கேற்றுக்குள் விட்டுப் பாருங்கள்.

தண்ணீர் குடித்த வண்டி

2004 சுனாமியிலும் 2011 தை வெள்ளத்திலும் நம் பக்கம் என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகள் பெயின்ற் அடித்து இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. தரைவிரிப்பைத் தூக்குங்கள், எஞ்சின் அறையில் பெற்றி வைக்கும் தட்டைத் தொட்டுப் பாருங்கள், கீழ்ப்பகுதி முழுக்கத் துணியில் சுற்றிய காந்தத்தை ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, ஓட்டையை மூடப் பூசிய பட்டிதான் இருக்கிறது.

ஓபன் பேப்பர்

விற்கிறவர் பெயரில் பதியாமல், பழைய சொந்தக்காரர் ஒப்பம் வைத்த தாளோடு மட்டும் கைமாறும் வண்டி என்றால் திரும்பி வாருங்கள்.

பெற்றோல் குழாய்

வீட்டோடு ஒட்டிய கராச்சில், படுக்கையறைச் சுவருக்கு மறுபக்கம் நிற்கப்போகிற வண்டி. சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் ஓடும் பழைய இறப்பர்க் குழாய் வெடித்துத் தீப்பிடிப்பது இந்த வண்டிகளுக்குப் பேர்போன வியாதி. வண்டி வந்த அன்றே மாற்றுங்கள், கிளிப்பும் புதிதாக.

களுவாஞ்சிகுடித் தம்பிக்குப் பலகை விஷயத்தைச் சொன்னேன். நேற்று இரவு பதில் வந்தது: "அண்ணே, கம்பு தட்டுது."