இலை ஷெட்டில் இருந்து தொடங்குங்கள்: நம்ம மலையில் மானிடவியல் பழகுவது எப்படி

நீலகிரியில் மானிடவியல் (மனிதர்கள் கூடி வாழும் விதத்தைப் படிக்கும் துறை) என்று பேச்சு எடுத்தாலே தோடர் பழங்குடியின் மந்து (குடியிருப்பு), எருமை, வளைந்த கூரை வீடு என்று அங்கேயே போய் நின்றுவிடுகிறோம். அதில் நியாயமும் இருக்கிறது. இந்த மலைக்கு அந்தத் துறை ஆட்கள் அவ்வளவு காலமாக வந்துகொண்டிருக்கிறார்கள்: ரிவர்ஸ் 1901-02ல் தோடர்களிடம் வந்தார், எமனோ 1930களில் கோத்தர், தோடர் மொழிகளைக் கேட்டு எழுதினார், மேண்டல்பாம் அதே காலத்தில் கோத்தர்களோடு பழகினார், பால் ஹாக்கிங்ஸ் படுகர்களைப் பற்றிப் பல பத்தாண்டுகள் எழுதினார். அவர்கள் கையில் இருந்த முறைகளை வைத்தே இன்றைய கோத்தகிரி பஸ் ஸ்டாண்டையும், பச்சைத் தேயிலை எடை போடும் ஷெட்டையும், ஹட்டியின் (படுகர் ஊரின்) வாட்ஸ்அப் குரூப்பையும் நாமே பார்க்கலாம், பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. பட்டம் எல்லாம் தேவையில்லை. ஒரு நோட்டும், திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போகும் பொறுமையும் போதும்.

முதலில் இடத்தைச் சின்னதாக எடுங்கள். 'நீலகிரியின் பண்பாடு' என்று தொடங்கினால் ஒரு பக்கம்கூட எழுத முடியாது, எழுதினாலும் அது சுற்றுலாத் துறை நோட்டீஸ் மாதிரி இருக்கும். ஒரு டீக்கடை, ஒரு மினி பஸ், ஒரு ரேஷன் கடை வரிசை, ஒரு கேரட் கழுவும் இடம் என்று ஏதாவது ஒன்று. அங்கே உங்களுக்குப் போகக் காரணம் இருக்க வேண்டும், சும்மா நின்று வேடிக்கை பார்த்தால் எல்லோரும் உங்களைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள். நான் எப்போதும் சிபாரிசு செய்வது இலை ஷெட்டை. அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ வைத்திருக்கிற சிறு விவசாயிகள் பறித்த கொழுந்து மூட்டை மூட்டையாக வந்து சேரும் இடம் அது. மூட்டை தராசில் ஏறும், சாக்குக்கு என்று கொஞ்சம் கழியும், மழை நாளாக இருந்தால் தண்ணிக்கு என்று இன்னும் கொஞ்சம் கழியும், மீதிதான் சீட்டில் ஏறும். அந்தக் கழிவு சொல்லப்படும் நொடியைக் கவனியுங்கள். யார் குரல் உயர்த்துகிறார், யார் தலையாட்டிவிட்டுப் போகிறார், ஏஜென்டிடம் ஏற்கெனவே அட்வான்ஸ் வாங்கியவர் பேரம் பேசுகிறாரா, மூட்டையைச் சுமந்து வந்த பெண்ணின் பெயர் சீட்டில் இருக்கிறதா அல்லது வீட்டுக்காரர் பெயரா. பச்சை இலைக்கு விலை கட்டவில்லை என்று வருஷம் முழுக்க எல்லோரும் பேசுகிறோம், ஆனால் அந்த விலை ஒரு மனிதரின் முகத்தில் எப்படி இறங்குகிறது என்பதை இங்கேதான் பார்க்க முடியும்.

எழுதும்போது ஒரு பழக்கம் முக்கியம். பார்த்ததை ஒரு பக்கமும், நீங்கள் நினைத்ததை எதிர்ப் பக்கமும் எழுதுங்கள். 'ஏஜென்ட் திமிராக நடந்துகொண்டார்' என்பது உங்கள் நினைப்பு. 'ஏஜென்ட் நாற்காலியில் இருந்து எழவில்லை, அறுபது வயது இருக்கும் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அடுத்து ஜீப்பில் வந்தவருக்கு எழுந்து நின்றார்' என்பது நீங்கள் பார்த்தது. இரண்டாவது மாதிரி எழுதியது பத்து வருஷம் கழித்தும் பயன்படும், முதலாவது மறுநாளே பழசாகிவிடும். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று கோணல்மாணலாக ஒரு படமும் போட்டு வையுங்கள்.

அப்புறம் கேள்வி கேட்பது. 'ஏன்' என்று தொடங்காதீர்கள். ஏன் என்று கேட்டால் மேடையில் சொல்லும் பதில் வரும், 'எங்க வழக்கம்' என்று ஒரே வார்த்தையில் கதவு மூடிவிடும். 'கடைசியா எப்போ நடந்துச்சு, யார் யார் வந்தாங்க, யார் செலவு பண்ணினாங்க' என்று கேளுங்கள், ஏன் என்பது தானாக வெளியே வரும்.

இந்த இடத்தில் ரிவர்ஸ் செய்ததைச் சொல்ல வேண்டும். 1898ல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன ஆய்வுக் குழுவில் அவர் இருந்தார், அங்கே பழகிய வம்சாவளி முறையை இங்கே எடுத்து வந்தார். அப்போது தோடர்கள் மொத்தமே ஏறக்குறைய 800 பேர். அப்பா யார், அம்மா யார், கூடப் பிறந்தவர்கள் யார், யாரைக் கட்டினார்கள், பிள்ளைகள் யார் என்று பெயர் பெயராகக் கேட்டு அவர்களின் குடும்பங்களை எழுதினார். அந்தப் பெயர்ப் பட்டியலில் இருந்துதான் திருமண முறை, குலம், சடங்குப் பொறுப்பு எல்லாம் பிடிபட்டன. இதை நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டிலேயே செய்யலாம். ஒரு பெரிய வெள்ளைத் தாள், பக்கத்தில் பாட்டி. 'பாட்டி, உங்க கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்? மூத்தவரு யாரு? அவரு எங்க இருந்தாரு?' அவ்வளவுதான். பெயரோடு ஊரையும் வேலையையும் எழுதிவிட்டால் தாள் பேச ஆரம்பிக்கும்.

குறிப்பாக, இலங்கையின் இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொண்ட 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கே இருந்து வந்து குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் குடியேறிய குடும்பங்கள் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைக் கழகம்) தோட்டங்களைத் தொடங்கியது. ஒரு தாளின் மேல் வரிசையில் திருச்சிப் பக்கத்து ஊர், அடுத்த வரிசையில் இலங்கையின் ஹட்டன், அதற்கடுத்து மண்டபம் முகாம், பிறகு டேன்டீ லைன் வீடு, கடைசி வரிசையில் திருப்பூர் என்று இருக்கும். அந்த ஒரே வீட்டில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று எந்த வருஷம் பிரிந்தார்கள், யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள், யார் பெயர் வரும்போது பாட்டி பேச்சை நிறுத்துகிறார் என்பதெல்லாம் எந்த அரசாங்கக் கோப்பிலும் இருக்காது. அந்தத் தலைமுறை போய்விட்டால் கேட்க ஆள் இல்லை, அதனால் இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

சொல்வதும் செய்வதும் ஒன்றாக இருக்காது என்பது மானிடவியல் ஓயாமல் கற்றுத்தரும் பாடம். மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1915க்கும் 1918க்கும் இடையில் இரண்டு முறை நியூ கினி பக்கத்து டிரோப்ரியாண்ட் தீவுகளுக்குப் போய் அங்கேயே தங்கியதற்கும் இது ஒரு முக்கியமான காரணம்: சட்டத்தைச் சொல்லக் கேட்டால் போதாது, நடப்பதைக் கூடவே இருந்து பார்க்க வேண்டும். 'இப்பல்லாம் யாரும் சாதி பார்க்கிறதில்லை' என்று நம்ம ஊரிலும் சொல்வார்கள். சண்டைக்குப் போகாமல் அதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கல்யாணப் பந்தியில் யார் பரிமாறுகிறார்கள், யார் வீட்டுச் சமையலறை வரை யார் போகிறார்கள், வாடகை வீட்டுக்கு முதல் கேள்வி என்னவாக வருகிறது என்று பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது யாரையும் பொய்யர் என்று சொல்ல அவசரப்படாதீர்கள், அந்த இடைவெளியில்தான் ஊர் மாறிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது, ஒரு பொருளைப் பின்தொடர்வது. பழைய நீலகிரியில் கோத்தர் இரும்புக் கருவியும் மண்பானையும் செய்தார்கள், தோடர் மற்றும் படுகர் வீட்டுச் சாவுக்கு வாத்தியம் வாசித்தார்கள், தோடரிடம் இருந்து நெய், படுகரிடம் இருந்து தானியம், குறும்பரிடம் இருந்து தேனும் காட்டுப் பொருளும் என்று குடும்பத்துக்குக் குடும்பம் தலைமுறை உறவாகக் கொடுக்கல் வாங்கல் இருந்தது. சந்தையும் கடை இரும்பும் வந்து, வாத்தியம் வேண்டாம் என்ற முடிவுகளும் சேர்ந்து, 1930களில் அது குலைந்துகொண்டிருந்ததை மேண்டல்பாம் நேரில் பார்த்தார். இன்றைக்கு அந்த இடத்தில் என்ன இருக்கிறது? தோடர் பூத்தையல் சால்வையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் ஓடும், 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உடம்பில் போர்த்த இருந்த தையல் இப்போது மொபைல் பை, மேஜைத் துணி வரை வந்துவிட்டது. தைத்த பெண்ணுக்கு எவ்வளவு, கடையில் எவ்வளவு, எந்தப் பூவை எதில் போடக்கூடாது என்று அவர் நினைக்கிறார், வாங்குகிறவர் அதைக் கேட்கிறாரா? கேரட்டையும் இப்படியே கேத்தி பாலாடாவில் இருந்து மேட்டுப்பாளையம் மண்டி வரை தொடரலாம்.

போனையும் விடாதீர்கள். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு பெங்களூரில் இருந்து வர முடியாதவர் வீடியோவில் கும்பிடுகிறார், சாவுச் செய்தி குரூப்பில் வருகிறது, யாருக்கு எத்தனை பேர் கைகூப்பிய பொம்மை போடுகிறார்கள் என்பதில் உறவின் கணக்கு இருக்கிறது. ஆனால் குரூப்பில் வந்தது பொதுச் சொத்து கிடையாது. எழுதுவதற்கு முன் கேளுங்கள்.

அனுமதி பற்றி ரிவர்ஸே எழுதிவைத்த ஒரு சம்பவம் மனசை விட்டுப் போகவில்லை. அவருக்கு விவரம் சொன்னவர்களில் ஒருவர் நோயில் விழுந்தார், ஒருவரின் மனைவி இறந்துபோனார், இன்னொருவரின் ஊரில் பால்மனை (தோடர்களுக்குக் கோயில் மாதிரியான பால் கறந்து வைக்கும் இடம்) எரிந்துபோனது. ரகசியத்தை வெளியாளிடம் சொன்னதால் தெய்வத்துக்குக் கோபம் என்று குறி சொல்கிறவர்கள் சொன்னார்கள், அதற்குப் பிறகு பேச ஆட்கள் தயங்கினார்கள். நாம் கேட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவோம், பதில் சொன்னவர் அங்கேயேதான் இருக்கப் போகிறார். அதனால் சாமி, சாவு, கடன், கல்யாணம் முறிந்தது இதெல்லாம் அவர்களாகச் சொன்னால் ஒழிய தோண்டாதீர்கள். மந்தில் கோயிலைப் படம் எடுக்க வேண்டாம் என்றால் எடுக்க வேண்டாம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் பற்றிப் பொதுவாகத் தெரிந்துகொள்ள முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது, முதலில் அங்கே போங்கள்.

நோட்டை அன்றைக்கு இரவே எழுதி, பக்கங்களைப் போனில் படம் பிடித்து வேறு எங்காவது ஒரு நகல் போட்டுவிடுங்கள். சமூக மானிடவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1948ல் மைசூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கிச் சேர்த்த குறிப்புகளை வைத்து உருவாக்கிய பிரதிகள் 1970ல் ஸ்டான்போர்டில் வைக்கப்பட்ட தீயில் எரிந்துபோயின. அவர் நினைவில் இருந்ததை வைத்துப் பெரிய புத்தகமே எழுதினார், நமக்கு அந்த நினைவாற்றல் எல்லாம் வாய்க்காது.

கொஞ்சம் சேர்ந்ததும் நான்கு பக்கமாகத் தமிழில் எழுதி, எந்த ஷெட்டில் உட்கார்ந்தீர்களோ அங்கே இருப்பவர்களிடமே வாசித்துக் காட்டுங்கள். 'இது அப்படி இல்லப்பா' என்று யாராவது சொன்னால் உங்கள் வரியை அடிக்க வேண்டாம், பக்கத்திலேயே அவர் சொன்னதையும் எழுதித் தேதி போட்டுவிட்டு, அவர் பெயரைப் போடலாமா என்று கேளுங்கள்.