நேரத்தைப் பற்றி நாம் சொல்லும் சின்னப் பொய்கள்

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். தினமும் எட்டு மணி நேரம் உறங்குபவருக்கு அதில் 56 போய்விடும்; வேலைக்கும் போய்வருவதற்கும் ஐம்பதைக் கழித்தாலும் 62 மணி நேரம் மிஞ்சுகிறது. அதில் பாதியை வீட்டுவேலைகளும் குடும்பப் பொறுப்புகளும் எடுத்துக்கொள்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். மீதிப் பாதி எங்கே போனது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோரிடம் பதில் இருப்பதில்லை. நேரத்தைப் பற்றி நமக்கும் பிறருக்கும் உண்மையைச் சொல்லாததே இந்தக் கசிவுக்கு முக்கியக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் தவறு, விருப்பமில்லாத இடத்திலும் அச்சமுள்ள இடத்திலும் “நேரமில்லை” என்று சொல்லிக்கொள்வது. அந்தச் சொல்லுக்குப் பதிலாக “இது எனக்கு இப்போது முக்கியமில்லை” என்று மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம். உறுத்தவில்லை என்றால் அந்த வேலையைக் கைவிடுவதில் பிழையில்லை. ஆனால் தள்ளிக்கொண்டே வந்த உடல் பரிசோதனையைப் பற்றியோ, அம்மாவிடம் பேசுவதைப் பற்றியோ அப்படிச் சொல்ல நா எழவில்லை என்றால், நாளைய நாளில் அதற்கு ஒரு மணி ஒதுக்கியே ஆக வேண்டும்.

அடுத்தது, வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்து மதிப்பிடுவது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் இந்தப் போக்குக்குத் ‘திட்டமிடல் பிழை’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாட்கள் ஆகும் என்று கணித்த மாணவர்களுக்கு உண்மையில் 55 நாட்களுக்கு மேல் ஆனது. கணிக்கும்போது நாம் வேலை தடையின்றி நடப்பதைக் கற்பனை செய்கிறோமே ஒழிய, சென்ற முறை இதே வேலையில் எத்தனை தடங்கல்கள் வந்தன என்று திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே “எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்பதைவிட, “போன தடவை எவ்வளவு நேரம் ஆனது?” என்று கேட்டு, அந்த விடையையே குறித்துக்கொள்வது நல்லது. பழைய கணக்கு கையில் இல்லாதவர்கள், ஒரு வாரம் ஒவ்வொரு வேலையும் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் எழுதிவைத்தாலே போதும்.

முகத்துக்கு நேரே மறுக்கத் தயங்கிச் “சரி” என்று சொல்லிவிடுவதை நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். நண்பர் ஒருவர் தம் கட்டுரையைத் திருத்தித் தரக் கேட்டார். என்னால் முடியாது என்று அப்போதே எனக்குத் தெரியும். இருந்தும் “பார்த்துவிடுகிறேன்” என்றேன். பன்னிரண்டு நாட்கள் கழித்துக் கைவிரித்தபோது, வேறொருவரைத் தேட அவருக்கு இரண்டே நாட்கள்தான் மிஞ்சியிருந்தன. அவர் கோபப்படவில்லை, “முதல் நாளே சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் கேட்டார். என் தயக்கத்துக்கான விலையை அவருடைய பன்னிரண்டு நாட்களிலிருந்து கொடுத்திருந்தேன்.

தாமதத்தை மறைக்கும் பொய்யும் இதே வகைதான். தோளில் ஈரத்துண்டோடு நின்றுகொண்டு “கிளம்பிவிட்டேன், ஐந்து நிமிடம்” என்று செய்தி அனுப்புகிறோம். அதை நம்பி, வெயிலில் வாசலிலேயே நிற்பவர் வேறெதையும் செய்ய முடியாமல் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருப்பார். “இன்னும் கிளம்பவில்லை, நாற்பது நிமிடம் ஆகும், மன்னியுங்கள்” என்று எழுதினால் அவர் சற்றுக் கடிந்துகொள்ளக்கூடும். ஆனால் அந்த நாற்பது நிமிடமும் அவர் கைக்குத் திரும்பிவிடும்.

காலைப் பொழுது வீணாகிவிட்டால், “இன்றைய நாளே போயிற்று” என்று மாலையையும் சேர்த்துக் கைவிட்டு, விட்டதையெல்லாம் நாளைய பட்டியலில் ஏற்றுகிறோமே, அதுவும் கூடாது. நாளைக்கும் அதே 24 மணி நேரம்தான். பிற்பகல் மூன்று மணிக்கு விழித்துக்கொண்டவர் அந்த மூன்று மணியிலிருந்து புதிதாகக் கணக்குப் போட்டு, இரவுக்குள் முடியக்கூடிய ஒரே ஒரு வேலையைத் தேர்ந்துகொண்டு, முடியாதவற்றுக்காகக் காத்திருப்பவர்களுக்கு அப்போதே சொல்லிவிடலாம்.