பென்சிலால் மூக்கு கீறுவது: கோட்டைக் குறைத்து நிழலைக் கூட்ட

கீறும் மூக்கு பிழையாய்ப் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணந்தான். புருவத்திலிருந்து நுனிவரை இரண்டு பக்கமும் கோடு இழுத்துவிடுகிறோம். முன்னாலிருந்து பார்க்கும்போது மூக்கின் பக்கங்களில் அப்படிக் கோடே கிடையாது; வெளிச்சம் ஏந்தும் முகடும், அதிலிருந்து கன்னத்துக்கு இறங்கும் சரிவுகளுந்தான் இருக்கின்றன. ஆகவே பென்சிலை எடுக்க முன்னம் வெளிச்சத்தைச் சரிப்படுத்துங்கள்.

ஆளை யன்னலுக்குப் பக்கவாட்டில் இருத்துங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்தால், கண்மட்டத்துக்குச் சற்று மேலிருந்து விழட்டும். மறுபக்க யன்னலைச் சாத்தி, ரியூப் லைட்டையும் அணைத்துவிடுங்கள். வடக்கு யன்னலின் வெளிச்சம் மாறாது என்று மேல்நாட்டுப் பாடங்கள் சொல்வது மட்டக்களப்பில் முழுதாகப் பொருந்தாது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நடுப்பகல் சூரியன் இங்கே வடக்குப் பக்கந்தான் சாய்ந்து நிற்கும். அந்த மாதங்களில் தெற்கு யன்னலே நல்லது. கல்லடி, காத்தான்குடி, கல்முனைப் பக்கத்து மணல் முற்றங்களில் இன்னொரு தொல்லை: மணலில் தெறிக்கும் வெளிச்சம் கீழிருந்து ஏறி, மூக்கின் அடிப்பக்கத்து நிழலைத் தின்றுவிடும். படம் தட்டையாகும். செல்ஃபியைப் பார்த்தும் கீறவேண்டாம். கிட்டப் பிடித்து எடுப்பதால் மூக்கு உள்ளதைவிடப் பெருத்து விழும். ஒன்றரை மீற்றராவது தள்ளி நின்று வேறொருவர் எடுத்த படம் சரி.

எச்பி, 2பி, 4பி, 6பி பென்சில்களும் (எண் கூடக் கூடக் கறுப்பும் கூடும்) கொஞ்சம் சொரசொரப்பான சித்திரத் தாளும் போதும். போட்டோகொப்பித் தாள் வழுவழுப்பானது, இரண்டு மூன்று பூச்சுக்குமேல் கருமை ஏறாது. அழிறப்பரோடு ஒரு துண்டு புளூ டாக்கும் (சுவரில் படம் ஒட்டும் களிபோன்ற பசை) வைத்திருங்கள். மாரியில் நமுத்த தாளில் பென்சில் முனை பள்ளம் போடும், அந்தப் பள்ளம் அழித்தாலும் போகாது. தாள்களைப் பொலித்தீன் உறையில் போட்டு வையுங்கள். கை வியர்வை படாமல் உள்ளங்கைக்குக் கீழே எப்போதும் ஒரு துண்டுக் கடதாசி இருக்கட்டும்.

எச்பியால், தெரிந்தும் தெரியாமலும், 9 செ.மீ. நிலைக்குத்துக் கோடு: மேல்நுனி புருவ மட்டம், கீழ்நுனி மூக்கடி. அடியில் 3 செ.மீ. அகல வட்டம் நுனிக் குமிழ். அதன் இரண்டு பக்கமும், சற்று உயர்த்தி, மடல்களுக்கு, அதாவது துவாரங்களின் வெளிப்பக்கச் சதைக்கு, இரண்டு சிறிய முட்டை வடிவங்கள். மொத்த அகலம் ஐந்தரையிலிருந்து ஆறு செ.மீ. வரும். கண்ணின் உள்மூலைகளிலிருந்து நேரே இறக்கிய கோடுகளுக்குள் மடல்கள் அடங்கும் என்றொரு விதி உண்டு. அதை நம்பிக் கீறினால் நம்மவர் பலரின் மூக்கு ஒல்லியாகிவிடும். கையை நீட்டிப் பென்சிலால் அளந்து பாருங்கள். மூக்குத் தண்டின் மேற்பகுதி எலும்பு, கீழே குருத்தெலும்பு. இரண்டும் சேரும் இடத்தில் மெல்லிய புடைப்பு இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

இனி 2பி. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இருட்டான பாகங்கள் ஒன்றாய்த் திரளும்: வெளிச்சத்துக்கு மறுபக்கச் சரிவு, குமிழின் அடி, மேலுதட்டில் விழும் நிழல். முதலில் இவற்றை மாத்திரம் மெல்ல நிரப்புங்கள். பிறகு மூக்கு முழுவதும் ஒரு இளம் பூச்சு. நம் தோல் நிறத்துக்குத் தாளின் வெள்ளையை அப்படியே விட்டால் மூக்கில் மாப் பூசியமாதிரி இருக்கும். அழுத்திக் கறுப்பாக்க வேண்டாம். அழுத்தினால் தாள் மினுங்கும், மேலே வேறொன்றும் ஏறாது. கறுப்பு வேண்டிய இடத்தில் 4பிக்கு மாறுங்கள். விரலால் தேய்க்கும் பழக்கத்தையும் விடுங்கள், விரல் எண்ணெய் பட்ட இடம் திட்டாகும்.

நாசித் துவாரத்தில்தான் கன படங்கள் கெடுகின்றன. அது வட்டக் கறுப்பு ஓட்டை அல்ல. கஜுப் பருப்பொன்று சரிந்து கிடக்கிற வடிவம். மேல் விளிம்பு கூர்மையாகவும் மிகக் கறுப்பாகவும் இருக்கும், கீழ்ப்பக்கம் உதட்டை நோக்கிக் கரைந்து போகும். 6பி அந்த மேல் விளிம்பின் உள்மூலையில் மட்டும். குமிழின் அடிவிளிம்பில் ஒரு மில்லிமீற்றர் அளவுக்குக் கருமையைக் குறைத்துவிடுங்கள். மேலுதட்டில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் அது. குமிழ் உருண்டு தெரிவதே அதனால்தான். மடலின் பின்மடிப்பு கன்னத்தருகே கறுப்பாய்த் தொடங்கி மேலே போகப்போக மறையவேண்டும். முழுவதும் சுற்றி வளைத்தால் மடல் ஒட்டவைத்த துண்டாகத் தெரியும்.

உதட்டில் விழும் நிழலின் ஓரம் மூக்கடியில் கூர்மை, தள்ளிப் போகப் போக மங்கல். உதட்டுக்கு மேலுள்ள பள்ளத்தில் அது வளைந்து இறங்கட்டும்.

கடைசியாக ஒளிப்பொட்டு. புளூ டாக்கைக் கூராக உருட்டி, குமிழில் வெளிச்சம் வரும் பக்கமாக ஒருமுறை ஒற்றி எடுங்கள். நடுவில் வைத்தால் பிழை, பெரிதாக வைத்தால் வியர்த்த மூக்காகிவிடும். மூக்குத்தி இருந்தால் அதன் இடத்தைத் தொடக்கத்திலேயே வெறுமையாக விட்டு, இப்போது கீறுங்கள்: ஒரு வெள்ளைப் புள்ளி, அதை ஒட்டி 4பி அரைவளையம், வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் மடலில் சின்னதொரு நிழல்.