திறந்தவெளியில் படம் பார்ப்பது: எங்கெல்லாம் சொதப்புகிறது?

திறந்தவெளித் திரையிடல் என்றால் தியேட்டரின் கூரையை மட்டும் எடுத்துவிடுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சொதப்பல்களில் முக்கால்வாசி அங்கிருந்துதான் தொடங்குகிறது. தியேட்டரின் சுவரும் கூரையும் சும்மா நிற்பதில்லை. இருட்டைக் காக்கின்றன, சத்தத்தைச் சிதறவிடாமல் வைத்திருக்கின்றன, காற்றைத் தடுக்கின்றன. வெளியே வந்துவிட்டால் இந்த வேலைகளையெல்லாம் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வெளிச்சம். சூரியன் மறைந்ததும் படத்தைப் போட்டுவிடலாம் என்று நேரம் குறிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது. திரையில் ஒளி விழாத இடத்தைத்தான் நாம் கறுப்பாகப் பார்க்கிறோம். அந்த இடத்தில் வானத்து வெளிச்சம் விழுந்தால் கறுப்பு சாம்பலாகிவிடும், படம் முழுக்கச் சாயம் போன மாதிரி இருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். லூமென் என்பது புரொஜெக்டர் கொடுக்கும் மொத்த ஒளி, லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளி. 3,000 லூமென் புரொஜெக்டரை 3 மீட்டர் அகலத் திரையில் அடித்தால், வெள்ளைப் பகுதியில் சுமார் 600 லக்ஸ் வெளிச்சம் விழும். தெளிந்த வானமாக இருந்தால் சூரியன் மறையும் நேரத்தில் சுற்றுப்புற வெளிச்சமே சில நூறு லக்ஸ் இருக்கும். படம் எடுபடுமா? சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 டிகிரி இறங்கியபின் அது 3 லக்ஸ் அளவுக்குக் குறைந்துவிடும். அதே புரொஜெக்டர், அதே திரை, ஆனால் படம் பளிச்சென்று மாறிவிடும். நிலநடுக்கோட்டுப் பக்கம் இந்த 6 டிகிரிக்கு இருபது நிமிடம் சொச்சம் போதும். லண்டன் மாதிரி வடக்கே உள்ள ஊர்களில் ஜூன் மாதம் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆகவே அழைப்பில் படம் தொடங்கும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துப் போடாதீர்கள். அன்றைய சூரிய அஸ்தமன நேரத்தைப் பார்த்துப் போடுங்கள்.

கையடக்க புரொஜெக்டர் வாங்குகிறவர்கள் இன்னொரு பள்ளத்தில் விழுகிறார்கள். இருநூறு, முந்நூறு லூமென்தான் கொடுக்கும் கருவியை வைத்துக்கொண்டு, பெரிய திரைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார்கள். 300 லூமெனை அதே 3 மீட்டர் திரையில் பரப்பினால் கிடைப்பது 60 லக்ஸ். பக்கத்தில் ஒரு தெருவிளக்கு இருந்தால் கதை முடிந்தது. படத்தின் அகலத்தைப் பாதியாக்குங்கள், வெளிச்சம் நான்கு மடங்காகும். சின்னதாக இருந்தாலும் தெளிவான படமே மேல். திரை மேற்கைப் பார்த்து நின்றால் மாலையின் கடைசி வெளிச்சம் முழுக்க அதன் முகத்தில்தான் விழும், அதையும் தவிர்க்க வேண்டும். அப்புறம், எந்தப் படம் என்பதும் முக்கியம். இருட்டறையிலும் நள்ளிரவிலும் நடக்கும் கதைகள் வெளியே எடுபடுவதில்லை. பகல் காட்சிகளும் பளிச்சென்ற நிறங்களும் உள்ள படம் பிழைத்துக்கொள்ளும்.

படம் தெரியவில்லை என்றால் ஜனங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் பணம் முழுக்க புரொஜெக்டருக்கே போகும், சத்தத்துக்குக் கடைசியில் கையில் கிடைத்த ஸ்பீக்கர்தான். அறைக்குள் சுவர்கள் சத்தத்தைத் திருப்பி அனுப்பி உதவுகின்றன. வெளியே போன சத்தம் போனதுதான். தூரம் இரு மடங்காகும்போதெல்லாம் சுமார் 6 டெசிபெல் குறைந்துவிடும். வரவேற்பறையை அதிரவைத்த பெட்டி மைதானத்தில் முனகுவது இதனால்தான்.

சரி, ஒலியைக் கூட்டிவிடலாமே என்றால் முன்வரிசையில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். பெரிய கூட்டம் என்றால் நடுவிலும் ஸ்பீக்கர் வைக்க வேண்டும். ஒலி ஒரு நொடிக்கு 340 மீட்டர்தான் ஓடும். திரையிலிருந்து 34 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு வசனம் பத்தில் ஒரு நொடி பிந்தி வரும், உதடு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கமாக இருக்கும். நடுவில் வைக்கும் ஸ்பீக்கருக்கும் இதையொட்டித் தாமதம் கொடுக்காவிட்டால் எதிரொலி மாதிரி இரண்டு தடவை கேட்கும். புளூடூத் ஸ்பீக்கரில் தன் பங்குக்கு இன்னொரு தாமதம் உண்டு. கம்பி இழுத்துவிட்டால் அந்தத் தலைவலியே இல்லை.

இது பழைய பிரச்சினைதான். 1933இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட், காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் முதல் டிரைவ்-இன் அரங்கைத் திறந்தபோது ஸ்பீக்கர்கள் திரையின் அருகேதான் இருந்தன. பின்வரிசைக் கார்களுக்குச் சத்தம் பிந்தி வந்தது, அக்கம்பக்கத்தார் கேட்க விரும்பாத படத்தையும் கேட்க வேண்டியிருந்தது. பிறகு காருக்கு ஒரு ஸ்பீக்கர், அதற்கும் பிறகு காரின் எஃப்எம் ரேடியோவிலேயே வசனம் கேட்பது என்று வழி பிறந்தது. இன்று அக்கம்பக்கத்துக்குத் தொல்லை தராமல் படம் போட ஹெட்ஃபோன் திரையிடல்களும் வந்துவிட்டன.

இடத்தைப் பகலில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். படம் ஓடப்போகிற அதே நேரத்தில் ஒரு முறை போய் நின்று காது கொடுங்கள். ரயில் பாதை, நெடுஞ்சாலை, விமானப் பாதை எல்லாம் அப்போதுதான் தெரியும். ஆஸ்திரேலியாவின் புரூம் நகரில் 1916 முதல் இயங்கும் சன் பிக்சர்ஸ் திறந்தவெளி அரங்கில் விமானங்கள் தலைக்கு மேலே தாழப் பறந்து இறங்குகின்றன. அந்த அரங்குக்கு அதுவே ஒரு அழகாகிவிட்டது. நமக்கு அப்படி அமையும் என்று நம்ப வேண்டாம். ஜெனரேட்டர் வைப்பதாக இருந்தால் ஒரு கட்டடத்துக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். காற்றடைத்த திரை என்றால் அதற்குக் காற்று ஊதும் கருவியும் பெரும்பாலும் படம் முடியும்வரை ஓடிக்கொண்டேதான் இருக்கும், அந்தச் சத்தத்தையும் கணக்கில் சேருங்கள்.

காற்றைத்தான் எல்லாரும் அலட்சியம் செய்கிறார்கள். எனக்கு இதில் சமரசமே கிடையாது. திரை என்பது பாய்மரம்தான். 5 சதுர மீட்டர் துணியில் நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று மோதினால் முப்பது கிலோவுக்கு மேல் எடை வைத்துத் தள்ளுவதற்குச் சமம். வேகம் இரு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. கீழே குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு “ஒன்றும் ஆகாது” என்று சொல்லக் கூடாது. முளை அடித்து, முன்னும் பின்னும் கயிறு இழுத்துக் கட்ட வேண்டும். பலமான காற்று வரும் என்று வானிலை அறிவிப்பு சொன்னால் திரையை இறக்கிவிட்டு இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

திரையின் கீழ் விளிம்பைத் தரையோடு வைப்பதும் வழக்கமான தவறு. மைதானம் சமதளம், முன்னால் இருப்பவர் தலை அப்படியே மறைக்கும், முதலில் காணாமல் போவது சப்டைட்டில். நாற்காலியில் உட்கார்ந்தவரின் தலை ஒன்றேகால் மீட்டர் உயரம் வரும். திரையை அதற்கு மேலே தூக்குங்கள், பாயில் உட்காருகிறவர்களை முன்னாலும் நாற்காலிக்காரர்களைப் பின்னாலும் வையுங்கள். சுவிட்சர்லாந்தின் லொகார்னோ திரைப்பட விழாவில் சுமார் எட்டாயிரம் பேர் ஒரே சதுக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடிகிறது என்றால், அங்கே திரை 26 மீட்டர் அகலம், 14 மீட்டர் உயரம்.

குளிரூட்டிய அறையிலிருந்து நேராகப் புழுக்கத்துக்குள் புரொஜெக்டரைக் கொண்டுவந்தால் லென்ஸில் நீராவி படியும். அரை மணி முன்னதாகவே வெளியே வைத்துவிடுங்கள். படத்தை இணையத்தில் நேரடியாக ஓட்டலாம் என்று நம்பி வருவதும் வேண்டாம். கூட்டம் சேர்ந்ததும் சிக்னல் படுத்துவிடும். சில செயலிகள் போனிலிருந்து புரொஜெக்டருக்கு இணைத்தால் கறுப்புத் திரையைத்தான் காட்டும். முந்தைய நாளே அதே கம்பி, அதே கருவியோடு ஒத்திகை பார்த்துவிடுங்கள். நீட்டிப்புக் கம்பியைச் சுருளாகவே விட்டால் சூடேறும், முழுவதும் பிரித்துப் போடுங்கள்.

பார்க்க வருகிறவர்களும் சும்மா இல்லை. பகல் வெயிலை நினைத்து மெல்லிய சட்டையோடு வந்து, இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்ததும் நடுங்குவார்கள். தரையில் உட்காருவதானால் பாய்க்கு அடியில் ஈரம் ஏறாத விரிப்பு வேண்டும். தூறலுக்குக் குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்குப் படமே கிடையாது, மழைக்கோட்டுதான் சரி. டிரைவ்-இன் போகிறவர்கள் காரின் விளக்கு தானாக எரியாமல் அணைப்பது எப்படி என்று வீட்டிலேயே தெரிந்துகொண்டு போங்கள். இரண்டரை மணி நேரம் காரின் ரேடியோவை ஓட்டிவிட்டு வண்டி கிளம்பாமல் நிற்கிறவர்கள் எப்போதும் உண்டு. பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று கையில் இருந்தால் அந்தக் கவலை இல்லை.

கட்டணம் வாங்கவில்லை, அதனால் அனுமதி தேவையில்லை என்று நினைப்பது பெரிய தவறு. டிஸ்க் வாங்குவதும் ஸ்ட்ரீமிங் சந்தா கட்டுவதும் பொதுவாக வீட்டுக்குள் பார்ப்பதற்கான உரிமையைத்தான் தரும். பொது இடத்தில் ஊரைக் கூட்டிக் காட்டுவதற்குப் படத்தின் உரிமையாளரிடமோ விநியோகஸ்தரிடமோ தனி உரிமம் வாங்க வேண்டும். போஸ்டர் அடிப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது.

படம் முடிந்ததும் எல்லாரும் அவசர அவசரமாகத் திரையைச் சுருட்டுவார்கள். இரவில் அது பனியில் நனைந்திருக்கும். அப்படியே மடித்து உறையில் போட்டால் அடுத்த முறை பிரிக்கும்போது பூஞ்சைப் புள்ளிதான். வீட்டுக்குக் கொண்டுபோய் நிழலில் உலர்த்திவிட்டு மடியுங்கள்.