தொப்பி போட்டு வெளியே கிளம்ப நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்துகிறது. தலையில் துண்டைப் போட்டுக்கொள்கிறோம், கைக்குட்டையை விரித்துக்கொள்கிறோம், கிரிக்கெட் கேப் மாட்டிக்கொள்கிறோம். ஆனால் சுற்றிலும் விளிம்பு வைத்த ஃபெடோரா, பனாமா போன்ற தொப்பி என்றால் மட்டும் கூச்சம் வந்துவிடுகிறது. ஆசைப்பட்டு வாங்கியவர்கள்கூட அதை பீரோ மேல் வைத்துவிட்டு, "போட்டுக்கினு போக ஒரு தைரியம் வேணும்பா" என்கிறார்கள்.

தைரியம் வரட்டும், அப்புறம் போடலாம் என்று காத்திருப்பதுதான் முதல் தவறு. பொருத்தமான தொப்பியை, பழகிய இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுப் போனால்தான் அந்தத் தைரியம் வரும். கூச்சம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மனசில் இல்லை, தொப்பியின் அளவில் இருக்கிறது.

அளவு பார்க்காமல் வாங்குவது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடையில் கண்ணாடி முன்னால் ஒரு நிமிடம் போட்டுப் பார்த்து வாங்குகிறோம். இல்லையென்றால் போனில் படம் பார்த்து ஆர்டர் போடுகிறோம். தெருவில் இறங்கியதும்தான் தெரிகிறது: பெரிதாக இருந்தால் காற்றடிக்கும்போதெல்லாம் கை மேலே போகிறது, சிறிதாக இருந்தால் நெற்றியில் சிவப்புக் கோடு விழுகிறது, அரை மணியில் தலை வலிக்கிறது. நொடிக்கொரு தரம் தொப்பியைத் தொட்டுச் சரிசெய்கிறவரைத்தான் ஊர் திரும்பிப் பார்க்கும். தொப்பியை மறந்துவிட்டு நடப்பவரை அவ்வளவாகப் பார்க்காது.

தையல்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப் போதும். காதுக்குச் சற்று மேலே, நெற்றியின் நடுவே, பின்தலையின் புடைப்பைச் சுற்றி டேப்பை இறுக்காமல் வைத்து சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். 57 செ.மீ. வந்தால் ஆங்கிலேய அமெரிக்கத் தொப்பிகளில் அது ஏறக்குறைய 7, 7¼ என்கிற வரிசைக்குள் வரும். ஆனால் இரு நாட்டுக் கணக்கும் ஒன்றல்ல. அதனால் எண்ணை விட்டுவிட்டு சென்டிமீட்டரையே கேட்டு வாங்குங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவே தலை இருந்தால் பெரியதை எடுங்கள். தொப்பிக்குள் தலையைச் சுற்றி வரும் உள்பட்டைக்குப் பின்னால் மெல்லிய ஃபோம் பட்டையைச் செருகிப் பெரியதைச் சரிசெய்துவிடலாம். சிறியதை அவ்வளவு எளிதாகப் பெரிதாக்க முடியாது. காதுக்கும் புருவத்துக்கும் மேலே ஒரு விரல் இடைவெளி விட்டு உட்கார்ந்தால் சரி. பலரும் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி நெற்றி முழுதும் தெரிய மாட்டுகிறார்கள். அப்படிப் போட்டால் வெயிலும் மறையாது, பார்க்கவும் நன்றாயிராது.

அடுத்தது விளிம்பு. மலிவு விலையில் கிடைப்பவை பெரும்பாலும் டிரில்பி வகை: குட்டை விளிம்பு, பின்பக்கம் மேலே மடிந்திருக்கும். நம் ஊரில் நிறையப் பேருக்கு இருக்கும் அகன்ற முகத்துக்கு அது ஒட்டாது. தலைமேல் கிண்ணம் கவிழ்த்த மாதிரி இருக்கும். ஆறு சென்டிமீட்டருக்குக் குறையாத விளிம்பு உள்ள ஃபெடோரா வடிவத்தை எடுத்தால் முகத்துக்கும் நிறைவாக இருக்கும், காதுக்கும் கழுத்துக்கும் நிழலும் கிடைக்கும்.

கத்திரி வெயிலில் ஃபெல்ட்

படங்களில் பார்த்து மயங்கி, ஃபெல்ட் தொப்பி வாங்கிக் கோடையில் போடுகிறார்கள். ஃபெல்ட் என்பது ஆட்டு ரோமத்தையோ முயல் முடியையோ அழுத்திச் செய்வது, குளிர் நாட்டுச் சரக்கு. இங்கே மார்கழி, தை விடியற்காலைக்கும் ஏலகிரிக்குப் போகும்போதும் சரி. மற்ற மாதங்களுக்குப் புல்லோ ஓலையோ பின்னிய தொப்பிதான். பனாமா என்று பெயர் பெற்றது உண்மையில் ஈக்வடார் நாட்டில் டொக்கியா என்னும் செடியின் ஓலையில் பின்னப்படுவது. அந்த நெசவுக் கலையை 2012இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அசல் சரக்கு விலை அதிகம். முதல் தொப்பிக்கு அது தேவையே இல்லை, காற்றுப் புகும் சாதாரண வைக்கோல் நிறத் தொப்பி போதும். வெள்ளைச் சட்டைக்கும் பொருந்தும், வேட்டிக்கும் பொருந்தும். ஆனால் கோட்டு, பட்டைவார், கைத்தடி என்று முழு வேடமாகப் போய்விடாதீர்கள். தினமும் உடுத்தும் உடைதான், கூட ஒரு தொப்பி, அவ்வளவே.

முதல் நாளைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது

சொந்தக்காரர் கல்யாணத்தில்தான் முதன்முதலில் போடுவேன் என்று பலர் முடிவெடுக்கிறார்கள். இதைவிடக் கடினமான இடம் கிடையாது. உள்ளே போனதும் கழற்ற வேண்டும், வைக்க இடம் இருக்காது, சித்தப்பா பெரியப்பா எல்லோரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்பார்கள், போட்டோவும் எடுப்பார்கள். வேலூர்க் கோட்டை அகழியை ஒட்டிக் காலையில் நடப்பவர்களோடு சேர்ந்து நடந்து தொடங்குங்கள். வெயில் ஏறியதும் தொப்பிக்கு நியாயமும் தானாகக் கிடைத்துவிடும். அப்புறம் சி.எம்.சி. மருத்துவமனை எதிரே காந்தி ரோடு. வங்காளம், அசாம், ஜார்க்கண்ட் என்று எங்கிருந்தெல்லாமோ சிகிச்சைக்கு வந்தவர்கள் நிறைந்த தெரு அது. விதவிதமான உடையும் தலையணியும் பார்த்துப் பழகிய அந்தக் கூட்டத்தில் உங்கள் தொப்பியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தினமும் போகிற டீக்கடையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர்கள் முன்னால் போடுவதுதான் உண்மையில் கஷ்டம்.

கேள்விகளுக்குச் சூடாகப் பதில் சொல்வது

"இன்னா தொர, எங்க கிளம்பிட்ட?" "நைனா, எம்.ஜி.ஆர். கணக்கா கீறியே." "சி.ஐ.டி. வேலையா?" இந்த மூன்றில் ஒன்று நிச்சயம் வரும். விளக்கம் சொல்லாதீர்கள், கோபப்படாதீர்கள், தலைமுடி கொட்டுகிறது என்று பொய்க் காரணமும் தேட வேண்டாம். "வெயிலு தாங்கலண்ணே" என்று சொல்லிவிட்டு டீ கேளுங்கள். அதே கடைக்கு மறுநாளும் தொப்பியோடு போங்கள். கேள்வி கேட்டவருக்கே அலுத்துவிடும். ஒரு நாள் போட்டு, ஒரு வாரம் விட்டு, மறுபடி போட்டால் ஒவ்வொரு முறையும் முதல் நாள்தான்.

பெரியவர் யாராவது "வெள்ளக்காரன் தொப்பி எதுக்கு?" என்று கேட்டால் அதைக் கேலி என்று தள்ளிவிட வேண்டாம். இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. 1805 நவம்பரில் ஆங்கிலேயரின் மதராஸ் படையின் சிப்பாய்களுக்குப் புதிய உத்தரவு வந்தது: அணிவகுப்பில் நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, புது மாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும். தோலால் ஆன சின்னம் வைத்த அந்தத் தலைப்பாகை வெள்ளையர் தொப்பியைப் போலவே இருந்தது. தங்களை மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்று இந்துச் சிப்பாய்களும் முஸ்லிம் சிப்பாய்களும் சேர்ந்தே கொதித்தார்கள். 1806 ஜூலை 10 விடிவதற்குள் கோட்டைக்குள் கிளர்ச்சி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி அன்றே அதை ரத்தத்தில் அடக்கினார். பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. தலையில் எதை வைப்பது என்பதை இன்னொருவர் கட்டளையிட்டதற்காக உயிர் கொடுத்த ஊர் இது. நாமாக விரும்பிப் போடுவது வேறு விஷயம்தான். ஆனாலும் அந்தப் பெரியவரிடம் மரியாதையாக நாலு வார்த்தை பேசுங்கள். பெரும்பாலும் பேச்சு நன்றாகவே முடியும்.

கழற்ற வேண்டிய இடத்தில் கழற்றாமல் இருப்பது

பெரியவர்கள் முன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. அந்த உணர்வுதான் இங்கேயும். ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் தொப்பி கூடாது, தேவாலயத்திலும் ஆண்கள் கழற்ற வேண்டும். மேல்விஷாரம், ஆம்பூர் பக்கம் பள்ளிவாசலுக்கோ தர்காவுக்கோ போனால் தலையை மூடும் வழக்கம், ஆனால் விளிம்புத் தொப்பியோடு தொழுகைக்கு நிற்க முடியாது. அங்கே கைக்குட்டையே நல்லது. சாப்பாட்டுப் பந்தியிலும் வீட்டுக்குள்ளும் கழற்றிவிடுங்கள். தெருவிலும் ரயில் நிலைய நடைமேடையிலும் போட்டிருக்கலாம். எங்கே கழற்ற வேண்டும் என்று தெரிந்தவருக்குப் போட்டிருக்கும்போது தயக்கமே வராது.

வண்டியும் எண்ணெயும் மழையும்

இரு சக்கர வண்டியில் தொப்பி ஹெல்மெட்டுக்கு மாற்று ஆகாது. அது சட்டப்படியும் குற்றம், உயிருக்கும் ஆபத்து. தொப்பியை டிக்கியில் திணித்தால் நசுங்கும், வெயிலில் நிற்கும் வண்டியின் சூட்டில் தோல் உள்பட்டை சுருங்கி அளவே குறைந்துவிடும். வண்டியில் போகும் நாளுக்கு, மடித்துப் பையில் வைக்கக்கூடிய துணி ஃபிளாட் கேப் ஒன்று தனியாக இருக்கட்டும்.

தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு தொப்பி போட்டால் உள்பட்டையில் ஏறும் கறை போகவே போகாது. உச்சியில் கிள்ளியதுபோல் இருக்கும் மடிப்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஓலைத் தொப்பி முதலில் விரிசல் விடுவது அந்த இடத்தில்தான். விளிம்பைப் பிடித்துக் கழற்றி, மேசைமேல் கவிழ்க்காமல் மல்லாக்க வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்துவிட்டால் உள்பட்டையை வெளியே திருப்பி, அதன்மேல் தொப்பியை நிறுத்தி, மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள்.